ஒண்டு விடுங்கோ

வெள்ளவத்தை
09.06.2024

அன்புள்ள தம்பி கஜீவன்,

இன்று காலை எழுந்ததும் முதலில் சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன். தேத்தண்ணிக்கு அடுப்புக்கூடப் பற்றவைக்கவில்லை. புதிதாக வந்த கார்ட்டுகளைச் சேர்த்து இரண்டு கட்டு அடுக்கி, இந்தப் பக்கக் கதிரையில் ஒருமுறை, அந்தப் பக்கக் கதிரையில் ஒருமுறை என்று மாறி மாறி இருந்து இரண்டு கையும் நானே விளையாடினேன். ஜன்னல் பக்கக் கதிரையில் இருந்த நளாயினி வென்றாள், மற்ற நளாயினி தோற்றாள். உன் அத்தான் ஜனா எழுந்து வரமுன்னர் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். புதுக் கார்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

நாங்கள் இருவரும் சுகம். ஜனாவின் முதுகுநோ குறைந்திருக்கிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீ கேட்ட மூன்று கார்ட்டையும் மட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். எப்படியும் உறை போகிறது, அதோடு ஒரு கடிதமும் போகட்டும் என்று எழுதுகிறேன். தொலைபேசியில் உன் சின்னவள் எங்களைக் கதைக்க விடுகிறாளா?

நீ போன பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பதினாறு பேராக வளர்ந்திருக்கிறது. அதே நடன வகுப்பு மேல்மாடிதான். சுவர் நிறைய நிலைக்கண்ணாடி என்பதால், கையில் இருப்பது பின்னால் தெரியாமல் இன்னும் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிடுகிறோம். காலி வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஸைத் புதிதாக வருகிறார். ஆளுக்கு நாற்பது கார்ட், ஐந்து கப்பலை முதலில் துறைக்குள் சேர்ப்பவர் வென்றார், புயல் கார்ட் கப்பலை நிறுத்தும், கலங்கரை கார்ட் புயலை நிறுத்தும் என்று சொல்லிக்கொடுத்தேன். “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு நான்கு ஆட்டமும் தோற்றார்.

எங்கள் வழக்கமும் அப்படியே இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒருமுறை, பிழையாக வைத்த கார்ட்டைத் தொட்டு “ஒண்டு விடுங்கோ” என்றால், எதிரே இருப்பவர் அதைத் திருப்பி எடுக்க விடவேண்டும். இப்போது அதில்தான் பிரச்சினை. ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பெரிய சுற்றுப்போட்டி நடக்கிறது. வெல்பவர் சிங்கப்பூர் போவார். வழக்கம்போல நான்தான் நடுவர். கார்த்திகனை உனக்குத் தெரியும், கணினிக் கம்பனியில் வேலை செய்கிறவர். அவரும் இன்னும் ஐந்து பேரும் கடிகாரத்தில் மணி வைத்து, திருப்பி எடுக்காமல் பழகவேண்டும் என்கிறார்கள்.

“அக்கா, இது விளையாட்டோ இல்லாட்டி கலியாண வீடோ?” என்று போன கிழமை கேட்டார்.

“கலியாண வீட்டில ரோல்ஸ் இதைவிட நல்லா இருக்கும்” என்றாள் நிரோஷா. எல்லோரும் சிரித்தார்கள். கார்த்திகன் சிரிக்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?

அன்புடன்
அக்கா நளாயினி


மெல்பேண்
02.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கார்ட்டுகள் மூலை மடியாமல் வந்து சேர்ந்தன. நாங்கள் நால்வரும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் மூன்று பேருக்குச் சளி. அத்தானின் முதுகுக்கு அந்த எண்ணெயை விடாமல் பூசச் சொல்லுங்கள்.

கார்த்திகன் சொல்வது சரி. திருப்பி எடுக்கலாம் என்று தெரிந்தால் யாரும் யோசித்து வைக்கமாட்டார்கள். அந்த வழக்கத்தை நீங்கள் தொடங்கிய அன்றே நான் சொன்னேன். நிறுத்திவிடுங்கள். தேத்தண்ணி குடிக்க வருபவர்கள் தேத்தண்ணி குடிக்கட்டும்.

நிரோஷா யார்? ரோல்ஸ் இன்னும் அதே கடையில்தானா வாங்குகிறீர்கள்? ஜன்னல் பக்கத்து மேசையில் இப்போது யார் இருக்கிறார்கள்? ரயில் போகும்போது கார்ட்டுகளைக் கையால் பொத்திக்கொள்கிறார்களா?

இங்கே இந்த விளையாட்டு நடக்கிற கார்ட் கடை கொஞ்சம் தூரம். வேலையும் கூட. பார்க்கலாம்.

ஒன்று கேட்கவேண்டும். ஆறு வருடமாக நீங்கள் மணி அடிக்கிறீர்கள், பெயர் எழுதுகிறீர்கள், சண்டை தீர்க்கிறீர்கள். நீங்கள் எப்போது போட்டியில் விளையாடப் போகிறீர்கள்?

உங்கள் அன்புத் தம்பி
கஜீவன்


வெள்ளவத்தை
28.07.2024

அன்புள்ள தம்பி,

உன் வீட்டுச் சளி இதற்குள் விலகியிருக்கும். இங்கே ஜனா எண்ணெய் பூசிக்கொண்டு வீடு முழுக்க வைத்தியசாலை வாசம் அடிக்கப் பண்ணுகிறார். மற்றப்படி சுகம்.

நிரோஷா கொட்டாஞ்சேனையில் சலூனில் வேலை செய்கிறவள். முப்பது வயது. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடம். ஆறு நாளும் நின்றபடி வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருக்கக் கிடைக்கிறது என்பாள். ஜன்னல் மேசை அவளுடையது. ரயில் வரும்போது கடல் காற்றும் சேர்ந்து வருவதால் எல்லோரும் பொத்திக்கொள்கிறார்கள். ரோல்ஸ் கடையை மாற்றிவிட்டோம், அதுதான் அந்தப் பகிடி.

நான் வழக்கத்தை நிறுத்தவில்லை, அறையைப் பிரித்தேன். சுவர்ப் பக்கம் மணிக்காரர், ஜன்னல் பக்கம் தேத்தண்ணிக்காரர். நல்ல ஏற்பாடு என்று என்னையே மெச்சிக்கொண்டேன். முதல் கிழமை அமைதியாகப் போயிற்று. இரண்டாம் கிழமை சுவர்ப் பக்கம் ஒரே அமைதி. பரீட்சை மண்டபம்போல ஆறு பேர் தலை குனிந்திருந்தார்கள். ஜன்னல் பக்கத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் ஒரு மாதிரியான சிரிப்பு. ஸைத் எழுந்து வந்து மெதுவாகக் கேட்டார்.

“மிஸ், நாங்க இங்கால ஈக்கிறது வெளயாடத் தெரியாத ஆக்கள் எண்டதாலயா?”

“இல்லை ஸைத், ஆறுதலா விளையாட.”

“அப்ப அங்கால உள்ளவங்களுக்கு ஆறுதல் வேணாமா?”

நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். மூன்றாம் கிழமை பதினாறு பேர் பதினொன்று ஆனார்கள். வராதவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்
அக்கா


மெல்பேண்
21.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம். சின்னவளுக்கு முன்பல் விழுந்தது, அதனால் கதைப்பது இன்னும் கூடியிருக்கிறது.

பதினொன்று கெட்ட கணக்கு இல்லை. நாங்கள் நான்கு பேரோடு தொடங்கினோம். அறையைத் திரும்ப ஒன்றாக்குங்கள். ஸைத் சொன்னதை இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. நானும் விடமாட்டேன். நீங்கள் விளையாடுகிறீர்களா?

கஜீவன்


வெள்ளவத்தை
15.09.2024

அன்புள்ள தம்பி,

சின்னவளுடைய பல் முளைத்துவிட்டதா? எங்களுக்குச் சுகத்தில் குறையில்லை. மனம்தான் கொஞ்சம் சரியில்லை.

விளையாடுகிறேன் தம்பி. ஆள் குறையும்போது மேசையை நிரப்ப உட்காருவேன். போன ஞாயிறு நிரோஷாவுக்கு எதிரே இருந்தேன். அவளுக்கு நான்கு கப்பல், எனக்கு நான்கு. அவள் புயலைப் போட்டு என் கப்பலை நிறுத்தினாள். என் கையில் கலங்கரை இருந்தது. போட்டிருந்தால் நான் வென்றிருப்பேன். கார்ட் கட்டைத் தட்டி “என்னட்ட ஒண்டுமில்லை” என்றேன். அடுத்த கையில் அவள் ஐந்தாவது கப்பலைச் சேர்த்தாள். இப்படி நான் செய்வது புதிதல்ல. ஒருவர் இரண்டு கிழமை தொடர்ந்து தோற்றால் மூன்றாம் கிழமை வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆட்களைத் தக்கவைக்க அது என் வழி.

அவள் வென்றதும் சந்தோசப்படவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் காற்றில் படுக்கை விரிப்பு ஒரு பக்கம் கழன்று விழுந்திருந்தது. கண்ணாடியில் என் கை முழுவதும் தெரிந்தது.

“அக்கா, அந்த கலங்கரை கார்ட் ஒங்க கையில இருந்திச்சி. கடைசி கார்ட்ட நான் போட்டப்பறம்தான் பாத்தேன். ஏன் போடல்ல?”

“கவனிக்கேல்லை நிரோஷா.”

“நீங்களா கவனிக்காம?” குரலை உயர்த்தவில்லை. “எத்தன தரம் இப்பிடி செஞ்சிருக்கீங்க? நான் ஜெயிச்சதுல எது நான் ஜெயிச்சது?”

அவள் கார்ட்டுகளை ரப்பர் பட்டி போட்டுக் கட்டி, பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். இன்று வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. அவளைத் தோற்கடித்திருந்தால் இன்று வந்திருப்பாள் என்று தோன்றுகிறது.

அன்புடன்
அக்கா


மெல்பேண்
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் அத்தானும் அப்படியே இருக்கவேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். 2018இல் நான் கொழும்புப் போட்டிக்குப் போகமுன் நாற்பது நாள் உங்களோடு இருந்து பழகினேன். முதல் கிழமைகளில் என்னால் உங்களை வெல்லவே முடியவில்லை. கடைசி நாள் தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்றேன். அந்த நம்பிக்கையோடுதான் கொள்ளுப்பிட்டிக்குப் போய் வென்றேன்.

எனக்கும் அப்படித்தான் செய்தீர்களா?

கஜீவன்


வெள்ளவத்தை
03.11.2024

அன்புள்ள தம்பி,

நீங்கள் எல்லோரும் சுகமென்று அறிந்தது ஆறுதல். தீபாவளிக்கு ஜனா வாங்கி வந்த முறுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. தபாலில் உடையாமல் வருமென்றால் அனுப்பியிருப்பேன்.

எழுத நிறைய இருக்கிறது. நிரோஷாவின் சலூனுக்கே போனேன். கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போய்ச் சேர வியர்த்துவிட்டது. அவள் ஓர் அம்மாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். “முடி வெட்டவா அக்கா?” என்று கேட்டாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. “இல்லை, விளையாட” என்றேன். அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் துவாய் அடுக்குகிற மேசையில் இருந்தோம். நான் ஒன்றும் விடவில்லை. இருபது நிமிடத்தில் மூன்று ஆட்டம் வென்றேன். மூன்றாவதில் அவளுக்கு ஒரு கப்பல்கூடச் சேரவில்லை.

“அடேங்கப்பா” என்றாள். “இம்புட்டு நாளா இத ஒளிச்சி வச்சிக்கிட்டா ரோல்ஸ் பரிமாறிக்கிட்டு இருந்தீங்க?”

பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். நான்காவது ஆட்டத்தை அவள் வென்றாள். நான் கையை மேசையில் விரித்து எல்லாக் கார்ட்டையும் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, தலையாட்டி, தன் சோற்றுப் பார்சலில் பாதியை எனக்குத் தந்தாள்.

ஒக்டோபர் 20 போட்டி நடந்தது. கார்த்திகன் அரையிறுதி வரை வந்தார். எதிரே நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். நான் நடுவராகப் பக்கத்தில் நிற்கிறேன். கார்த்திகனுக்கு நான்கு கப்பல், வெற்றி கைக்கெட்டிய தூரம். அந்தப் பையன் புயலைப் பிழையான கப்பலில் வைத்துவிட்டு “அய்யோ” என்று தலையில் கை வைத்தான். கேட்கக்கூட இல்லை. கார்த்திகனின் கை தன்பாட்டில் நீண்டு அந்தக் கார்ட்டை அவன் பக்கம் தள்ளியது.

“கன்ன மல்லி” என்றார். சிங்களத்தில், எடு தம்பி என்று.

எதிராளி தானாக விட்டுக்கொடுத்தால் நடுவர் தலையிடக்கூடாது என்பது விதி. பையன் புயலைச் சரியான கப்பலில் வைத்தான். இரண்டு கை கழித்து கார்த்திகன் தோற்றார். மணி வேண்டும், திருப்பி எடுக்கக்கூடாது என்று நான்கு மாதம் வாதாடிய ஆள்.

வெளியே படியில் இருந்து, “பழக்கம் அக்கா” என்றார். “உங்கட மேல்மாடிப் பழக்கம். என்னைக் கெடுத்துப்போட்டியள்.”

“கோபமோ?”

“ரெண்டு கிழமைக்கு.”

ஒரு கிழமைதான் தாங்கினார். அடுத்த ஞாயிறு வந்தார். ஒன்பதரை மணிபோல அந்த நீர்கொழும்புப் பையனும் ரயிலேறி வந்துவிட்டான், கையில் ஒரு பார்சல் கருவாடு. யாரோ இடம் சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகனைக் கண்டதும் அண்ணா என்று சிங்களத்தில் கூப்பிட்டு, “அய்யே, இன்டைக்கு எனக்கு ஒண்டும் விட வேணாம்” என்று உடைந்த தமிழில் சொன்னான். நாள் முழுக்க இருவரும் ஒரே மேசை. அந்த மேசைக் கார்ட்டுகளில் இன்னும் கருவாட்டு மணம் போகவில்லை.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அக்கா


மெல்பேண்
27.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. சுகம். கருவாட்டுக் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், அவளுக்குக் கருவாட்டு ஆசை வந்துவிட்டது.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட கேள்வி அதில் எங்குமில்லை. பதில் எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் எழுதவேண்டும்.

நானும் ஒன்று எழுதாமல் விட்டிருந்தேன். கார்ட் கடை தூரமில்லை, ட்ராமில் பத்து நிமிடம். வந்த முதல் மாதமே போனேன். நான்கு சுற்று விளையாடினேன், இரண்டு வென்றேன். பெயரைத் தவிர ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கார்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் கொழும்பில் அப்படித்தான் செய்வேன் என்று அப்போது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு போகவில்லை.

இரண்டு மாதமாக வியாழக்கிழமைகளில் எங்கள் பகுதி நூலகத்துக்குப் போகிறேன். ஓய்வுபெற்ற இரண்டு பேர், ஒருவர் தபால்காரர், மற்றவர் பேக்கரியில் பாண் போட்டவர். அவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். வெற்றி தோல்வியை யாரும் எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை, எனக்கே நம்பமுடியாமல் இருக்கிறது. போன கிழமை தபால்காரர் பிழையாக ஒரு கார்ட்டை வைத்தார். எடுங்கள் என்றேன். நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

உங்கள் அன்புத் தம்பி
கஜீவன்


வெள்ளவத்தை
29.12.2024

அன்புள்ள தம்பி,

சிரித்தேன்தான். ஜனா என்ன என்று கேட்டார், உன் கடிதத்தைக் கொடுத்தேன், அவரும் சிரித்தார். இருவரும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் நால்வரும் கடற்கரையில் கறுத்துப்போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் மேல்மாடி விஷயம். வழியைச் சொன்னவர் ஸைத். ஆட்டம் தொடங்கமுன் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கவேண்டும்: “மணியா, தேத்தண்ணியா?” மணி என்றால் கடிகாரம் ஓடும், திருப்பி எடுப்பதில்லை. தேத்தண்ணி என்றால் ஒன்று விடலாம், கதைக்கலாம், ரோல்ஸ் சாப்பிடலாம். இரண்டு பேரும் வேறு வேறு சொன்னால் முதல் ஆட்டம் ஒன்று, இரண்டாவது மற்றது. பக்கம் பிரிப்பதில்லை, ஒரே மேசையில் இரண்டும் நடக்கிறது. இன்று பத்தொன்பது பேர். நிரோஷா பெரும்பாலும் மணி என்கிறாள். கார்த்திகன் கிழமைக்கு ஒருமுறையாவது தேத்தண்ணி என்கிறார், சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்படுகிறார்.

இனி உன் கேள்வி. ஓம் தம்பி. அந்த மூன்று ஆட்டத்திலும் நான் விட்டேன். அதற்கு முந்தின நாள் நீ ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழும்பினாய். என்னால் பார்க்கமுடியவில்லை. கொள்ளுப்பிட்டியில் நீ வென்றது உன்னுடைய வெற்றி, அங்கே நீ தோற்கடித்த ஒன்பது பேரில் ஒருவரும் உனக்கு அக்கா இல்லை. ஆனால் நீ கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. அந்த வருடம் நான் பெயர் கொடுக்காமல் நடுவர் மணியை எடுத்துக்கொண்டது ஏனென்றால், விளையாடினால் எங்கேயோ ஒரு சுற்றில் உன் எதிரே இருக்கவேண்டி வரும் என்று பயந்தேன். உன்னை வென்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாக அதைப் பெருந்தன்மை என்று வைத்திருந்தேன். நிரோஷா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியபோதுதான், எனக்கு எதிரே இருக்கிறவர்களை நான் எவ்வளவு சிறியவர்களாக நினைத்திருக்கிறேன் என்று விளங்கியது. உன்னையும் சேர்த்துத்தான். கோபப்பட்டால் கோபப்படு, ஆனால் எழுது.

எனக்கு வெல்லப் பிடிக்கும் தம்பி. நாற்பத்தாறு வயதில் இதை எழுத ஏன் இவ்வளவு கூச்சம் என்று தெரியவில்லை. தினமும் விடிய எழும்பி இரண்டு கதிரையிலும் மாறி மாறி இருப்பது புதுக் கார்ட்டைச் சோதிக்க இல்லை. எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் வேண்டியிருக்கிறது. அதே நேரம் ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி ஊற்றுவதும், ஸைத் தோற்றுவிட்டுச் சிரிப்பதும் எனக்கு வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானாகத்தான் அப்படி வைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 9ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் அடுத்த போட்டி. நேற்று அமைப்பாளர்கள் நடுவராக வரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். இன்னும் பதில் போடவில்லை. ஜனாவுக்குச் சொல்லவில்லை, நிரோஷாவுக்கும் கார்த்திகனுக்கும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை ஒட்டும்வரை உனக்கும் சொன்னதாக ஆகாது. நாளை காலை அவர்களுக்கு வேறு நடுவர் பார்க்கச் சொல்லி எழுதிவிட்டு, விளையாடுபவர்கள் பட்டியலில் என் பெயரைக் கொடுக்கப்போகிறேன். முதல் சுற்றில் நிரோஷா வந்தால் நிரோஷா, கார்த்திகன் வந்தால் கார்த்திகன். யாருக்கும் ஒன்றும் விடமாட்டேன்.

அன்புடன்
நளாயினி அக்கா